தூசி வருதுங்க

தூசியை அடக்கியவர்கள் இந்த உலகத்தில் இதுவரை இரண்டே பேர். ஒருவர் மழை. இன்னொருவர் நான். மழைக்கு வருடத்தில் சில மாதங்கள்தான் வேலை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும்.

இதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கழுத்தில் தொங்கிய அட்டையிலேயே அப்படித்தான் இருந்தது. அன்பழகன், தூசிக் கட்டுப்பாட்டு அலுவலர். அலுவலர் என்பதில் ஒரு 'ல' அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. மற்றபடி முறையான அட்டை.

அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெரு. பத்தொன்பது வீடுகள். தெருவின் கடைசியில் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்று எழவிருந்தது. எழுவதற்கு முன்னால் இறங்க வேண்டியிருந்ததால் அப்போதைக்கு ஒரு பெரிய குழி. குழியிலிருந்து மண் அள்ளிய டிப்பர் லாரிகள் நாளுக்கு இருபது நடை தெருவைக் கடந்து போயின. பத்தொன்பது வீட்டுக்காரர்களும் ஒன்றுசேர்ந்து மனு கொடுத்தார்கள். தூசியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆளைப் போடுங்கள், இல்லையென்றால் வேலையை நிறுத்துங்கள் என்று மாநகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. அந்த வாரம்தான் சிவில் மூன்றாம் ஆண்டு கோடைப் பயிற்சிக்கு இடம் தேடி நான் அந்த வாசலில் நின்றேன். சரித்திரம் இப்படித்தான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது.

முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல். தினமும் பதிவேட்டில் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். நான் எழுதினேன்: 'காலை 8 மணி, தெரு முழுக்கத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு.' வாரக் கடைசியில் சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "தெருவைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சா? அப்ப இனி தெரு உருப்படாதா?" என்றார். ஒருவனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு என்றால் குடும்பமே அவனைக் கைகழுவிவிட்டது என்று பொருள். எங்கள் ஊர் புதுச்சத்திரத்தில் என் அப்பா என்னைப் பற்றி நான்கு வருடமாகச் சொல்லிவருவதும் அதையேதான் என்பதால் எனக்கு அந்தச் சொற்றொடர் இயல்பாக வந்துவிட்டது. அதன் பிறகு 'நீர் தெளிக்கப்பட்டது' என்று எழுதினேன். தூசிக்கு இரண்டும் ஒன்றுதான்.

எட்டாம் நாள் பீரங்கி வந்தது. டிராலி மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு காற்றாடி, சுற்றிலும் ஊசித் துளைகள். பொத்தானை அமுக்கினால் தண்ணீரைப் பனியாக்கி முப்பது மீட்டர் தூரத்துக்கு ஊதும். முதல் நாள் காலை அதை நான்தான் இயக்கினேன். பச்சை வலைத் தடுப்புக்கு மேலே வெள்ளையாக எழுந்து, வெயிலில் தயங்கி, ஒரு வானவில்லைக் காட்டிவிட்டுத் தெருவில் இறங்கியது. வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். மே மாதத்துச் சேலத்தில் அரை நிமிடத்துக்கு ஏற்காடு. குளிர்ந்த துளிகள் முகத்தில் பட்டபோது, இந்த ஊரைப் படைத்ததே நான்தானோ என்ற அடக்கமான சந்தேகம் எனக்கு வந்தது.

தூசியை அளக்க ஒரு பெட்டியும் கொடுத்திருந்தார்கள். எண் நூறுக்குள் இருந்தால் நல்லது. அதைப் பீரங்கிக்கு நேர் முன்னால் வைத்தேன். எண் நாற்பதைத் தாண்டவே இல்லை. கெட்டிக்காரப் பையனை முதல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வகுப்பே கெட்டிக்கார வகுப்பு என்று சொல்வது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான்.

நான் வருவதற்கு முன்பு இந்த இடத்தில் தூசியைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தவர் பொன்னன். நாற்பது வயது, திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பாதி இந்தியாவில் ஓட்டை போட்டுவிட்டு வந்தவர். அவருடைய முறை இது: டிப்பர் ஒன்று மண் ஏற்றி முடித்ததும் அதை வாசலிலேயே நிறுத்திவைப்பார். பிறகு தெருவில் இறங்கி, ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நின்று சொல்வார்.

"ஏனுங்க, தூசி வருதுங்க. சித்த சன்னலச் சாத்திக்கிறீங்களா?"

சொன்னதோடு நகர மாட்டார். உள்ளேயிருந்து 'சரிங்க' என்று பதில் வர வேண்டும். வந்தால்தான் அடுத்த வீடு. பத்தொன்பதாவது 'சரிங்க' வாங்கிய பிறகு கையைத் தூக்குவார். லாரி நகரும்.

தூசிக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதரை நான் அப்போதுதான் பார்த்தேன். மதியச் சாப்பாட்டின்போது எல்லோருக்கும் அவரைப் போலவே நடித்துக் காட்டுவேன். "ஏனுங்க, பூகம்பம் வருதுங்க. சித்த கட்டில்ல இருந்து எறங்கிக்கிறீங்களா? சரிங்களா? சொன்னாத்தானுங்க நான் நகருவேன், பூகம்பம் வாசல்ல நிக்குதுங்க." ஜேசிபி ஓட்டுகிற காளியப்பனுக்குப் புரையேறிவிடும். பொன்னனும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருநாள் கேட்டேன். "ஏண்ணா, ஒரு விசில் ஊதுனா பத்தாதா?"

"விசிலு நாயக் கூப்புடற மாதிரி இருக்குதுங்க தம்பி," என்றார். "ஒருத்தரு ஊட்டுக்கு வாரவங்க சொல்லிட்டுத்தான வாராங்க. தூசிக்கு வாயில்லீங்க."

அன்றிலிருந்து அவருக்குத் 'தூசியின் வக்கீல்' என்று பெயர் வைத்தேன். அதற்கும் சிரித்தார்.

ஒன்பதாம் நம்பர் வீட்டில் தெருவைப் பார்த்த சன்னலுக்குப் பின்னால் கட்டில் போட்டு ஞானதாஸ் படுத்திருந்தார். இருபத்தாறு வருடம் நாமக்கல் லாரிகளில் அசாம் வரை போய்வந்தவர். இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து, எதிரே வருகிற லாரி விளக்கெல்லாம் தேர்த் திருவிழா சீரியல் செட் மாதிரி தெரிய ஆரம்பித்தபோது வண்டியை ஓரங்கட்டினார். இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது. அது தேறினால்தான் வலது கண்ணைத் தொடுவேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டும் முடிந்தால்தான் ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்க முடியும். ஜூலைக்குள் புதுப்பிக்காவிட்டால் திரும்ப வண்டி ஏற முடியாது. வீட்டுக்குள் உட்கார்ந்து காய் நறுக்குகிற ஞானதாஸை அவரே கற்பனை செய்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்.

அவர் மகள் பிரின்சி, ரோட்டு முனையில் இருக்கும் கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். காலை ஒன்பதுக்குப் போவாள். அவள் திரும்பும்வரை வீட்டில் அவர் மட்டும்தான். கண்ணில் தூசி படவே கூடாது என்று சொல்லி சன்னலைச் சாத்திவிட்டுத்தான் போவாள். தெருமுனையை அவள் தாண்டியதும் அவர் திறந்துவிடுவார்.

கறுப்புக் கண்ணாடியோடு சன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, நடக்கிற சத்தத்தை வைத்தே ஆளைப் பிடிப்பார்.

"யாரு, தூசி ஆபீசரா?"

"ஆமாங்க."

"தூசியெல்லாம் சௌக்கியமா?"

"கட்டுப்பாட்டுல இருக்குங்க."

"சாம்பல் புதன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. அப்ப இந்தச் சன்னல் கட்டையில கெடக்கிறது என்னது?"

நான் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்களே," என்றேன்.

"துடைக்கிற சத்தம் கேட்டுச்சு," என்றார்.

அவருக்குக் காது அப்படி. தெருவில் வருகிற ஒவ்வொரு டிப்பரையும் சொல்லிவிடுவார். "இது பத்துச் சக்கரம். கிளட்ச் தேஞ்சு போயிருக்கு. டிரைவர் புதுசு." புதுசு என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "பழையவன் இந்தச் சந்துக்குள்ள ரெண்டாவது கியர்ல வருவான். இவன் பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி மூணுல வரான்," என்பார். மத்தியான வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தாலேயே ஒரு ரோட்டைப் போட்டு அதில் ஓட்டிக்கொண்டிருந்தார். சில நேரம் அவர் வலது கால் கட்டிலின் ஓரத்தில் மெதுவாக அமுங்கும். எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று கேட்டால் ஊர் பெயர் சொல்வார்.

ஏன் சன்னலைத் திறக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"சாத்துனா உள்ள இட்லிப் பானை. அதோட லாரி சத்தம் இல்லாம எனக்குப் படுக்க வராது. பொன்னன் வந்து சொன்னா சாத்திடுவேன். கொஞ்சம் கழிச்சுத் தொறந்துக்குவேன். உனக்கு என்ன கஷ்டம்?"

எனக்குக் கஷ்டம் இருந்தது. பொன்னனின் ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டு நிமிடம் ஆனது. இருபது நடைக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்து, அதை ஒரு தாளில் எழுதி, மழை வருவதற்குள் குழியை முடிக்க வேண்டிய பதற்றத்தில் இருந்த என்ஜினியர் கந்தவேல் முன்னால் வைத்தேன்.

"பீரங்கி இருக்கறப்போ இந்தக் கட்டியம் கூறுறது எதுக்குங்க சார்? பெட்டியில நாப்பதுதான் காட்டுது."

கந்தவேல் தாளைப் பார்த்தார். "எதாவது ஆனா நீ பொறுப்பா?"

"அட்டையிலேயே அப்படித்தானுங்க சார் இருக்குது."

பொன்னன் வாசலில் லாரிச் சக்கரங்களைக் கழுவுகிற வேலைக்கு மாற்றப்பட்டார். ஓஸ் பைப்பை வாங்கிக்கொண்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, அந்த ஒம்பதாம் நெம்பரு ஊட்டுக்கு மட்டும் ஒரு எட்டு போயிட்டு வாரனுங்களே?"

"பீரங்கி பாத்துக்கும்ணா," என்றேன்.

அது செவ்வாய்க்கிழமை. ஞானதாஸுக்கு ஆபரேஷன் ஆகி ஏழாம் நாள்.

மறுநாள் பதினொன்றரை மணிக்குக் குழியில் செம்மண் முடிந்தது. காளியப்பன் ஜேசிபியின் கையைத் தூக்கியபோது அதன் பற்களில் தொங்கியது வெள்ளை. சேலத்து நிலத்தைக் கொஞ்சம் கீறினால் உள்ளே வெள்ளைக்கல் இருக்கும் என்று படித்திருந்தேன். பார்த்ததில்லை. பூமிக்குள் யாரோ பல காலமாக முகப்பவுடரைச் சேர்த்துவைத்திருந்த மாதிரி இருந்தது. வேலை செய்தவர்கள் எல்லோரும் குழியின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். முதல் கொத்து டிப்பரில் விழுந்தபோது சத்தமே வரவில்லை. புகை மட்டும் எழுந்தது.

நான் பீரங்கியை முழு வேகத்தில் வைத்தேன். அது உறுமியது. பனி எழுந்தது, வானவில் வந்தது. வெள்ளை அதற்குள் புகுந்து, வானவில்லைத் தாண்டி, மறுபக்கம் சாவகாசமாக வெளியே வந்தது. பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. துளி பெரிதாகவும் தூசி மிகச் சிறிதாகவும் இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளாது. கல்யாண மண்டபத்தில் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரரைப் பார்த்தவர்கள் மாதிரி, தூசி துளியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அந்த அத்தியாயம் பரீட்சைக்கு வராது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

தெரு கண் முன்னாலேயே மாறியது. முதலில் கேபிள் வயர்கள் வெளுத்தன. பிறகு வேப்பமரம். நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களின் சீட்டுகள், காயப்போட்ட நைட்டிகள், தெருவோரத்து மாதா கெபியின் கண்ணாடிக் கூண்டு, உறங்கிக்கொண்டிருந்த நாய். நாய் எழுந்து, தன்னைப் பார்த்து, தன்னை யாரென்று தெரியாமல் மறுபடி படுத்தது. வெயிலே பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. பீரங்கியின் இரைச்சலில் வேறு ஒரு சத்தமும் இல்லை. இரண்டு டிப்பர்கள் வாய் மட்டும் அசைகிறவர்கள் மாதிரி என்னைக் கடந்து போயின. நான் அதில் நடந்தேன். என் காலடி தெரிந்தது, கேட்கவில்லை. அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. பெட்டியைப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

ஒன்பதாம் நம்பரின் சன்னல் திறந்திருந்தது.

ஞானதாஸ் கம்பியில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தார். மீசை வெள்ளை, புருவம் வெள்ளை. வியர்வையைத் துடைப்பதற்காகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். இடது கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அதிலிருந்து வந்த நீர் கன்னத்து வெள்ளையில் ஒரு கோடு போட்டிருந்தது.

ஓடிப்போய்ப் பீரங்கியை நிறுத்திவிட்டு வந்தேன்.

"ஆபீசரா?" என்றார்.

"ஆமாங்க."

"பொன்னன் வரலியே. வேலை இல்லபோலன்னு தொறந்து வெச்சேன்." தெருப் பக்கம் காதைத் திருப்பினார். "லாரி எதாவது போச்சா? உன் மிஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"ரெண்டு போச்சுங்க."

"என்ன வண்டி?"

எனக்குத் தெரியவில்லை.

கிளினிக்குக்கு ஓடினேன். பிரின்சி கையுறையோடு வெளியே வந்தாள். அவள் கத்தவில்லை. "கையால கசக்குனாரா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். என் தலையிலிருந்து கால்வரை இருந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு?" என்றாள். அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, "அந்தப் பக்கம் வேலை பாக்கறேங்க," என்றேன். ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். ஞானதாஸ் ஈரத் துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஆட்டோக்காரரிடம் சைலன்ஸரில் ஓட்டை இருப்பதாகச் சொல்லிக்கொண்டே போனார்.

சாயங்காலம் நான் சன்னலுக்கு முன்னால் நின்றபோது அது சாத்தியிருந்தது. பிரின்சிதான் வெளியே வந்து சொன்னாள். கருவிழியில் கீறல். மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து. பத்து நாள் கழித்துத்தான் தேறுமா என்று சொல்ல முடியும். அதுவரை ஒரு துகள் படக்கூடாது. இதற்குள் சீழ் பிடித்தால் வலது கண்ணைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மணிக்கு ஒருக்கா சொட்டு விடறதுக்கு நான் லீவு போட முடியாது. ஓடி ஓடி வருவேன்," என்றாள். "சன்னலச் சாத்தி வைங்கன்னா கேக்க மாட்டாரு. கட்டிப்போடவா முடியும்?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இட்லிப் பானைன்னு சொல்லு."

கந்தவேலிடம் போய்ப் பொன்னனைத் திரும்பத் தெருவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, நான் போட்ட கணக்கு தப்பு என்று சொல்ல வேண்டும். மேலும் சக்கரம் கழுவுகிற ஏற்பாட்டை மாநகராட்சிக்காரர்கள் அன்று காலைதான் வந்து பார்த்துப் பாராட்டி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். வியாழக்கிழமை காலை வெள்ளை மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே ஊற ஊற நனைக்கச் சொன்னேன். டிப்பர்களைத் தார்ப்பாய் போட்டு நான்கு மூலையிலும் கட்டவைத்தேன். அளவுப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் ஒன்பதாம் நம்பர் சுவரில் மாட்டினேன். அது நூற்று எண்பது காட்டியது. பதிவேட்டில் நூற்று எண்பது என்றே எழுதினேன்.

முதல் லாரி ஏற்றி முடிந்தது. பீரங்கியை நிறுத்தினேன். அங்குமிங்கும் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

"ஐயா," என்றேன் சன்னலைப் பார்த்து. "தற்போது வாகனம் செல்லவிருப்பதால்..."

"யாரு, ஆல் இண்டியா ரேடியோவா?"

"நான்தானுங்க. தூசி வருதுங்க."

உள்ளே கட்டில் முனகியது. ஒரு கை தடவித் தடவி வந்து சன்னல் கதவைச் சாத்தியது. "சரி," என்று சாத்திய பலகைக்குப் பின்னாலிருந்து கேட்டது.

அந்த ஒரு வீட்டோடு திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். எட்டாம் நம்பர் நல்லம்மாள் வாசலில் நின்றிருந்தார். "ஏனுங்க சாமி, அவங்களுக்கு மட்டும்தான் சொல்லுவீங்களா? எங்கூட்டுல சோறு தொறந்து கெடக்குது," என்றார். அவரிடம் சொன்னால் ஏழாம் நம்பர் கேட்கும். ஏழாம் நம்பரிடம் சொன்னால் ஆறாம் நம்பர். நான் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தபோது, லாரி இன்னும் வாசலிலேயே நின்றிருந்தது. பொன்னன் ஏற்கெனவே கழுவி முடித்த சக்கரத்தை மறுபடி மெதுவாகக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் வாசலுக்குள் நுழைந்ததும் பைப்பை நகர்த்தினார். லாரி கிளம்பியது.

பத்து நாளும் இப்படியே போயின. சாப்பாட்டு நேரத்தில் காளியப்பன் என்னைப் போல நடித்துக் காட்ட ஆரம்பித்தான். நன்றாகவே நடித்தான்.

பதினோராம் நாள் மத்தியானம் ஞானதாஸ் கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆட்டோவை விட்டு இறங்கினார். கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இடது கண்ணால் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கண் சிவப்பில்லாமல் இருந்தது.

"நீதானா? சத்தத்த வெச்சு இன்னும் கொஞ்சம் உசரமா நெனச்சிருந்தேன்," என்றார்.

பிரின்சி சில்லறையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். "வலது கண்ணுக்கு வர்ற வியாழக்கிழமை தேதி குடுத்துட்டாங்க," என்றாள். பிறகு என் அட்டையை, அது சட்டைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்ததை, ஒருமுறை படித்தாள். "அப்புறம் இன்னொரு பத்து நாளு," என்றாள்.

குழிப் பக்கம் டிப்பர் ஒன்று எஞ்சினைப் போட்டது. ஞானதாஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்றாம் நம்பர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க," என்றேன். "தூசி வருதுங்க."

பதில் வரவில்லை. நின்றேன்.